பனிக்கு ஐந்து பெயர்

பனி என்ற சொல்லைத் தமிழ் வகுப்பில் விளக்குவது எளிது. பெரும்பொழுது ஆறு, அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. புல்நுனியில் நிற்கும் துளி பனி. அதிகாலையில் வயல்மேல் மிதக்கும் மூட்டமும் பனி. இமயத்தின் மேல் கிடக்கும் வெண்மையும் பனி. கண்ணில் நீர் கோப்பது பனித்தல். உடல் நடுங்குவதையும் பனித்தல் என்றே பழைய உரைகாரர்கள் எழுதினார்கள். இத்தனைக்கும் ஒரு சொல் நமக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. காரணம் வெளிப்படை. நம் நிலத்தில் ஒரு பனியை இன்னொரு பனி என்று மயங்கியதால் எவருக்கும் கால் முறியவில்லை. எவர் வண்டியும் புரளவில்லை.

ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதிகளில் 2006ஆம் ஆண்டு ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது. வாகனத்தின் ஆயத்தம் வானிலைக்கு இயைந்ததாக இருக்க வேண்டும், குறிப்பாக 'ஏற்ற டயர்கள்' இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். படிக்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் 'ஏற்ற' என்றால் எது? யாருக்கு ஏற்றது, எந்தச் சாலைக்கு ஏற்றது? கோடை டயரோடு ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரின் வழக்கில் ஓல்டன்பர்க் நகரின் உயர்நிலை நீதிமன்றம் 2010 ஜூலையில் அந்தச் சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டது. எது குற்றம் என்பதைச் சட்டத்தின் சொற்களைப் படித்தே ஒரு குடிமகன் அறிந்துகொள்ள முடிய வேண்டும். 'ஏற்ற டயர்' என்ற தொடர் அந்தத் தெளிவைத் தரவில்லை. ஆகவே அதைக் கொண்டு தண்டிப்பது அரசியல் சாசனத்துக்குப் பொருந்தாது என்று தீர்ப்பாயிற்று.

ஐந்து மாதத்தில், அதே ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், திருத்திய விதி நடப்புக்கு வந்தது. அதில் 'ஏற்ற' இல்லை. அதற்குப் பதிலாக ஐந்து நிலைகள் பெயர் சொல்லி அடுக்கப்பட்டிருந்தன. கிளாட்ஐஸ்: மழை விழுந்த கணத்திலேயே தரையில் கண்ணாடிப் பாளமாக உறைவது. ஷ்னேகிளேட்டெ: விழுந்த வெண்பனி வண்டிகளின் எடையில் அழுந்தி வழுக்குவது. ஷ்னேமாட்ஷ்: பாதி உருகிச் சேறாகிக் கிடப்பது. ஐஸ்கிளேட்டெ: சாலையில் முன்பே கிடந்த ஈரம் இரவில் இறுகுவது. ரைஃப்கிளேட்டெ: காற்றின் ஈரம் குளிர்ந்த தரைமேல் வெண்துகளாகப் படிந்து வழுக்குவது. இவ்வைந்தில் ஒன்று சாலையில் இருந்தால் குளிர்காலத்துக்கு உரிய டயர் இல்லாமல் ஓட்டக்கூடாது. இல்லையென்றால், ஜனவரி மாதமே ஆனாலும், ஓட்டலாம்.

முதுகலை வகுப்பில் உரையாசிரியர்களோடு பல ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறவன் நான். ஒரு சொல் பொருள் மயக்கம் தருகிறது என்பதற்காக ஒரு விதியே திருத்தி எழுதப்பட்டது என்ற செய்தி எனக்குத் தந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இதை நான் நூலகத்தில் படித்து அறியவில்லை. 2025 ஜனவரியில், மியூனிக் நகரில் தம்பியின் வீட்டுச் சமையலறை மேசையில், ஒரு இக்கட்டின் நடுவில் அறிந்தேன்.

என்னோடு முதுகலை படித்த நண்பர் ஒருவர் சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் நகருக்கு அருகில் வாழ்கிறார். ஈழத்திலிருந்து சிறுவனாகத் தமிழகத்துக்கு வந்து, அகதி முகாமிலிருந்து கல்லூரிக்கு வந்தவர். 2024 டிசம்பரில் அவருடைய தந்தையார் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அது ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அரையாண்டு விடுப்போடு சில நாள் சேர்த்து எடுத்துக்கொண்டு அம்மாவை அழைத்துக்கொண்டு நான் தம்பி வீட்டுக்கு வந்திருந்த சமயம் அது.

போகாமல் இருக்க முடியாத காரணம் ஒன்றும் இருந்தது. நான் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கையில் என் தந்தை இறந்துபோனார். பதினாறாம் நாள் அன்று விடியற்காலையில், குலசேகரத்தை அடுத்த எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெரியவர் கையில் துணிப்பையோடு நின்றிருந்தார். நண்பரின் தந்தை. முகாமிலிருந்து ஓரிரவு தங்கி வருவதற்குக்கூட அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டிய நிலை அவர்களுடையது. அந்த அனுமதித் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மகனின் சிநேகிதனுடைய தகப்பனுக்காக இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். அப்படி வந்தவருடைய காரியத்துக்கு இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தொலைவில் இருந்துகொண்டு போகாமல் இருப்பதா என்பதே அம்மாவின் கேள்வி.

ரயில் இருக்கிறது, மியூனிக்கிலிருந்து சங்க்ட் காலனுக்கு நேர்வண்டியே ஓடுகிறது. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. காரியம் நடக்கும் மண்டபமோ நிலையத்திலிருந்து தள்ளி, மேட்டுப்பாங்கான ஒரு கிராமத்தில். தம்பி மியூனிக்கில் கார் வைத்துக்கொள்ளவில்லை. உடன் வேலை செய்யும் ஒருவர் பெருந்தன்மையோடு தம் காரைக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை காலை அது வீட்டு முன்னால் வந்து நின்றது.

தம்பி மகளுக்குப் பதினான்கு வயது. பள்ளியில் படித்ததோ, தோழி வீட்டில் பார்த்ததோ, வந்த காரின் டயர்முன் குந்தி உட்கார்ந்துவிட்டாள். "பெரியப்பா, இங்க பாருங்க, மலையைக் காணோம்" என்றாள்.

மலை என்று அவள் சொன்னது ஒரு முத்திரையை. மூன்று சிகரங்கள் கொண்ட மலையின் கோட்டுருவம், அதற்குள் ஒரு பனித்துகள். டயரின் பக்கவாட்டில் உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குப் பதிந்திருக்கும். பனிமூடிய தளத்தில் ஓட்டிச் சோதித்து, ஒப்பீட்டுக்கென்று வைத்திருக்கும் டயரைக் காட்டிலும் குறித்த அளவு கூடுதல் பிடிப்பு இருந்தால்தான் அந்த முத்திரை கிடைக்கும். அதற்கு முன்பிருந்தே புழங்கிவந்த இன்னொரு குறி உண்டு: 'எம் பிளஸ் எஸ்'. சேறும் பனியும் என்பதன் சுருக்கம். அதற்குச் சோதனை கிடையாது, தயாரிப்பாளரே பொறித்துக்கொள்ளலாம். 2010ஆம் ஆண்டின் ஜெர்மானிய விதி அந்தக் குறியையே போதுமென்று ஏற்றது. பின்னர் இறுக்கினார்கள். 2018 ஜனவரி முதல் தயாரான டயர் என்றால் மலை முத்திரை கட்டாயம். அதற்கு முன் தயாரானவை வெறும் எம் பிளஸ் எஸ் குறியோடு 2024 செப்டம்பர் 30 வரை ஓடலாம். அக்டோபர் 1 முதல் அந்தச் சலுகையும் முடிந்தது.

எங்கள் முன் நின்ற காரில் இருந்தவை அனைத்துப் பருவ டயர்கள். எம் பிளஸ் எஸ் இருந்தது, மலை இல்லை. டயரின் பக்கவாட்டில் தயாரிப்பு நாளைச் சொல்லும் நான்கு இலக்கங்கள் உண்டு. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அதன்படி அவை 2016ஆம் ஆண்டுப் பிறப்பு. மூன்று மாதங்களுக்கு முன்புவரை சட்டத்துக்கு உகந்தவையாக இருந்து, ஓரிரவில் உகவாதவை ஆகிவிட்ட டயர்கள்.

பிறகு அவள் வீட்டுக்குள் ஓடிப்போய் இரண்டு யூரோ நாணயம் ஒன்றை எடுத்து வந்தாள். அந்த நாணயத்தின் வெளி வளையம் வெள்ளி நிறம், நடுவட்டம் பொன்னிறம். வளையத்தின் அகலம் சுமாராக 4 மில்லிமீட்டர். டயரின் பள்ளத்துக்குள் நாணயத்தைச் செங்குத்தாக நுழைத்தால் வெள்ளி வளையம் முழுதும் மறைய வேண்டும். மறையவில்லை, கீற்றாக வெளியே தெரிந்தது. சேற்றுப் பனியை வாங்கி வெளியேற்றும் ஆழம் அந்தப் பள்ளங்களில் இல்லை என்று பொருள்.

இவ்விடத்தில் எங்கள் வழியைச் சொல்ல வேண்டும். மியூனிக்கிலிருந்து ஏ 96 நெடுஞ்சாலை மேற்கே மெம்மிங்கன், லாய்ட்கிர்ஷ், வாங்கன் வழியாகக் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் லிண்டாவ் வரை போகிறது. அங்கிருந்து சிறிது தூரம் ஆஸ்திரியா. பிறகு ரைன் ஆற்றைக் கடந்தால் சுவிட்சர்லாந்து. அரை நாளைக்குள் மூன்று தேசங்கள், மூன்று சட்டங்கள்.

ஜெர்மனியில் தேதி கணக்கில்லை. சாலையின் நிலைதான் கணக்கு. பள்ளத்தின் ஆழம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். 4 என்பது அறிவுரை மட்டும். ஆகவே இந்த டயர் ஆழத்தில் தேறியது, முத்திரையில் தோற்றது. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் வெண்பனியோ பனிச்சேறோ உறைபனியோ இருந்தால் நான்கு சக்கரத்திலும் குளிர்கால டயர் வேண்டும். அங்கே எம் பிளஸ் எஸ் குறியை இன்னமும் ஏற்கிறார்கள். ஆனால் பள்ளம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதைக் குளிர்கால டயராகவே மதிப்பதில்லை. ஆகவே அங்கே முத்திரையில் தேறியது, ஆழத்தில் தோற்றது. சுவிட்சர்லாந்திலோ குளிர்கால டயர் வேண்டும் என்ற பொதுவான கட்டாயமே இல்லை. வண்டி பத்திரமான நிலையில் இருக்க வேண்டும், ஓட்டுபவர் அதைத் தம் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே இது தேறவும் இல்லை, தோற்கவும் இல்லை. ஒரே டயர், ஒரே நாள், மூன்று விடைகள். ஒரு செய்யுளுக்கு மூன்று உரை எழுதியவர்களைப் போல மூன்று தேசமும் நின்றன.

தம்பி பொறியாளன், கணக்குப் பார்க்கிறவன். "அண்ணே, ஆட்டோபான்ல ராத்திரியே உப்புத் தூவிருவான். நூத்துக்குத் தொண்ணூறு கறுப்பா, காஞ்சுதான் கிடக்கும். யாரு நிறுத்திப் பாக்கப் போறா? பாத்தாலும் அறுபது யூரோ" என்றான். அறுபது யூரோ அபராதம் உண்மைதான். கூடவே ஓட்டுநர் பெயரில் ஒரு தண்டப் புள்ளி. பிறருக்கு இடையூறோ விபத்தோ நேர்ந்தால் தொகை ஏறும். அத்துடன், அத்தகைய டயரோடு வண்டியைச் சாலைக்கு விட்ட உரிமையாளருக்கும் தனியாக அபராதமும் புள்ளியும் உண்டு. உதவி செய்ய நினைத்து வண்டி தந்தவர் தலையிலும் அது விழும். இதைச் சொன்னதும் தம்பி சற்று யோசித்தான்.

ஆனால் அவன் மனத்தை மாற்றியது சட்டம் அன்று, அம்மா.

எங்கள் தந்தை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அம்மா அதே தோட்டத்தில் பால் எடுத்தவள். விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போய் வெட்டுவதும், சிரட்டையில் வடிந்த பாலைச் சேர்ப்பதும், ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட் ஆக்கிப் புகை போடுவதும் அவர்கள் வாழ்வு. ரப்பரின் தன்மை அம்மாவின் விரல்களுக்குத் தெரியும். ஷால் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தவள் குனிந்து, டயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். அடுத்து நின்ற பக்கத்து வீட்டுக் காரின் டயரையும் அழுத்தினாள். அது மலை முத்திரை உள்ள குளிர்கால டயர்.

"இது அழுத்துனா கொடுக்குது. அது பழைய ஒட்டுப்பால் கணக்கா வெறச்சுக் கிடக்குலே" என்றாள்.

பொறியியல் நூல் பல பக்கங்களில் சொல்வதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். கோடை டயரின் ரப்பர்க் கலவை வெப்பத்தைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்க இறங்க அது விறைக்கத் தொடங்கும். விறைத்த ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களைப் பற்றிக்கொள்ளாமல் மேலோடு வழுக்கிச் செல்லும். வயதாக ஆக எந்த டயரும் இறுகும். குளிர்கால டயரின் கலவையில் இயற்கை ரப்பரின் பங்கும் சிலிக்காவும் கூடுதல். ஆகவே உறைநிலைக்குக் கீழேயும் நெகிழ்ந்து கொடுக்கும். அதன் மேற்பரப்பில் பிளேடால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான நுண்கோடுகள் உண்டு. உருளும்போது அவை விரிந்து தரையைக் கவ்வும். பள்ளங்களுக்குள் அடையும் வெண்பனி தரையிலுள்ள வெண்பனியோடு ஒட்டிப் பிடிப்புத் தரும். கையில் திரட்டிய பனியுருண்டையில் மேலும் பனி ஒட்டுவதைப் போல.

குளிரில் விறைப்பது என்பது ரப்பரின் பழைய நோய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த ரப்பர்ப் பொருள்கள் கோடையில் பிசுபிசுத்தன, குளிரில் விறைத்தன. கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் வழியைக் கண்டு சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற பிறகே அது உழைக்கும் பொருளாயிற்று. பனிக்கென்றே டயர் செய்யும் எண்ணம் 1934இல் பின்லாந்தில் பிறந்தது. பின்னாளில் நோக்கியன் என்று அறியப்பட்ட நிறுவனம் முதலில் லாரிகளுக்கும், 1936இல் கார்களுக்கும் செய்தது. அந்த வடகோடி மக்களின் பனிச்சாலைக்கு வேண்டிய பால், பனியே தாங்காத மரத்திலிருந்து வருகிறது. ரப்பர் மரம் வெப்ப மண்டலத்து மரம். உறைபனி பட்டால் பட்டுப்போகும். எங்கள் பக்கத்தில் தை, மாசியில் அது இலையுதிர்த்து நிற்பதைத் தோட்டத்து அதிகாரிகள் ஆங்கிலத்தில் 'வின்டரிங்' என்பார்கள். அம்மாவுக்குத் தெரிந்த குளிர்காலம் அதுதான். பால் குறைந்து கூலி குறையும் காலம். அந்தச் சொல்லின் மற்றப் பொருளை எழுபது வயதுக்கு மேல் ஒரு வாசலில் நின்று பெருவிரலால் அறிந்தாள்.

காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். டயர் மாற்றும் பட்டறைகளில் பனி விழுந்த வாரத்தில் சனிக்கிழமை இடம் கிடைப்பது நம் ஊரில் முகூர்த்த நாளில் மண்டபம் கிடைப்பது போன்றது. வாடகைக் கார் ஒன்றே வழி. அங்கும் ஒரு நுணுக்கம். முன்பதிவில் காட்டிய வாடகை ஒன்று, குளிர்கால டயருக்கென்று தனித் தொகை சேர்ந்து கணினி காட்டியது வேறொன்று. பனிச்சாலையில் ஓட்ட முடியாத காரை ஜனவரியில் வாடகைக்கு விடுவதில் என்ன பொருள் என்று தம்பி கவுன்ட்டரில் கேட்டான். புன்னகை ஒன்றே விடையாகக் கிடைத்தது. எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போவதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி வாங்கினான். சாவி கைக்கு வந்ததும் அவன் மகள் நான்கு டயரையும் சுற்றி வந்து நான்கு மலைகளையும் கண்டபிறகே ஏறினாள். வாடகை கொடுத்த இடத்தின் சொல்லை நம்பிப் புறப்பட்டாலும், வழியில் நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியவர் ஓட்டுபவர்.

ஞாயிறு அதிகாலை இருட்டில் புறப்பட்டோம். மெம்மிங்கன் வரை தம்பி சொன்னதுதான் சரி. சாலை கறுப்பாக, காய்ந்து கிடந்தது. அதுவரை சட்டப்படி எந்த டயரும் செல்லுபடிதான். லாய்ட்கிர்ஷ் நெருங்கும்போது, அல்காய் மேட்டு நிலத்தில், காற்று திரும்பியதுபோல எல்லாம் மாறியது. சாலை வெளுத்தது. முன்னால் போன வண்டிகளின் தடம் இரண்டு கறுப்புக் கோடுகளாகச் சுருங்கி, பிறகு அதுவும் மறைந்தது. சட்டத்தின் ஐந்து சொற்களில் இரண்டு எங்கள் கண்முன் இருந்தன. ஓரத்துச் சரிவில் ஒரு கார் மூக்குக் குத்தி நின்றது. ஓட்டியவர் ஒளிரும் மேலங்கி அணிந்து கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். காயமில்லை போலும். அவருடைய டயர் எதுவென்று நான் அறியேன். நல்ல டயரோடும் வழுக்கலாம். தம்பி அறுபதுக்கு இறங்கினான். ஒருவரும் பேசவில்லை. அம்மா மட்டும் பின்னிருக்கையில் பேத்தியின் கையைப் பிடித்தபடி மெல்ல ஏதோ முணுமுணுத்தாள்.

ஜெர்மானிய விதியின் அருமையும் கடுமையும் அப்போது எனக்கு விளங்கின. அது நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. ஓட்டுபவரைச் சாலையைப் படிக்கச் சொல்கிறது. வீட்டு வாசலில் இல்லாத குற்றம் நூறு கிலோமீட்டரில் முளைத்துவிடும். அங்கே வந்து, 'புறப்படும்போது இல்லையே' என்று சொல்ல வழியில்லை. எதிர்ப்படக்கூடியதையும் சேர்த்து எண்ணிப் புறப்படு என்பதே அதன் உட்பொருள்.

நாள்காட்டிச் சட்டமும் உண்டு. கனடாவில் கியூபெக் மாகாணம் 2008ஆம் ஆண்டிலிருந்து தன்னிடம் பதிவான கார்களுக்குக் குளிர்கால டயரைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது. இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, சாலை காய்ந்திருந்தாலும் ஈரமாக இருந்தாலும். அடுத்த மாகாணமான ஒன்ராறியோவில், டொராண்டோவின் தமிழர்கள் வாழும் மண்ணில், அத்தகைய கட்டாயமில்லை. குளிர்கால டயர் போட்டவருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016இல் ஏற்பாடு செய்தார்கள். சுவீடனில் டிசம்பர் முதல் மார்ச் முடிய, குளிர்காலச் சாலைநிலை இருந்தால் கட்டாயம். பள்ளம் 3 மில்லிமீட்டர். பிரான்சில் 2021 நவம்பரிலிருந்து மலைப்பகுதிகளில் குறித்த ஊர்களுக்கு மட்டும். நாளைச் சொல்லும் சட்டம், சாலையைச் சொல்லும் சட்டம், விளைவைச் சொல்லும் சட்டம் என்று இவற்றை மூன்றாகப் பகுக்கலாம் என்று தோன்றுகிறது. மூன்றாவதுக்குச் சுவிட்சர்லாந்தே சான்று. என்ன டயர் போடுவது என்று அது சொல்வதில்லை. ஆனால் பனியில் கோடை டயரோடு போய் விபத்தானால், கவனமின்மைக்குப் பொறுப்பு ஓட்டுநருடையது; காப்பீட்டு நிறுவனம் கொடுத்த பணத்தில் ஒரு பங்கை அவரிடமே திரும்பக் கேட்கலாம். சொல்லாமல் விட்டதாலேயே அது கடுமையான சட்டம். அங்கு வாழ்பவர்கள் பெரும்பாலும் அக்டோபரிலேயே டயர் மாற்றிவிடுகிறார்கள்.

லிண்டாவைக் கடந்து ஆஸ்திரியாவுக்குள் நுழைந்து, ஆறரைக் கிலோமீட்டருக்கும் மேலான ஃபென்டர் சுரங்கவழியில் போனோம். உள்ளே சாலை உலர்ந்து இதமாக இருந்தது. வெளியே வந்ததும் மீண்டும் வெண்மை. லுஸ்டெனாவ் ஊர் வழியாக ரைன் பாலத்தைக் கடக்கையில் எல்லைக் காவலர் ஒருவர் கண்ணாடியைத் தாழ்த்தச் சொல்லி, முகங்களையும் கடவுச்சீட்டுகளையும் பார்த்துக் கையசைத்தார். சங்க்ட் காலன் சுமார் 670 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரம். அதைத் தாண்டி மண்டபத்துக்குப் போகும் கடைசி ஏற்றத்தில் உப்புத் தூவியிருக்கவில்லை. கார் ஒரு முறை மெல்லப் பின்வாங்கியது போல உணர்ந்தேன். பிறகு டயர் பிடித்துக்கொண்டது. அந்த ஏற்றத்தில் பழைய டயரோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தம்பி எதுவும் சொல்லவில்லை. இறங்கியதும் டயரை ஒரு முறை தட்டினான். நம் ஊரில் பேருந்து ஓட்டுநர்கள் தட்டுவது போல.

பதினொரு மணிக்கு மண்டபத்துக்குள் நுழைந்தோம். கிரியைகள் முடியும் தறுவாயில் இருந்தன. நண்பர் எழுந்து வந்து அம்மாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். சில கணங்கள் ஒன்றும் பேச இயலவில்லை. பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "ரயர் நல்லதுதானே, அண்ணை? றோட்டெல்லாம் எப்பிடி?" என்பது. தம்பியைப் பார்த்துக் கேட்டார். ஈழத்தவர் டயரை ரயர் என்பார்கள். அடுத்தடுத்து வந்து கைகொடுத்த முதியவர்களும் அதையேதான் கேட்டார்கள். 'வின்ரர் ரயர்தானே?' 'எங்கை மாத்தினீங்கள்?' ஆடி மாதத்துக் காற்றைப் பற்றி நாம் பேசுவது போல அவர்கள் அதைப் பேசினார்கள். அந்த மண்ணுக்கு வந்த முதல் ஆண்டில் அவர்கள் ஒவ்வொருவரும் இதைக் கற்றிருக்க வேண்டும். சிலர் விலை கொடுத்துக் கற்றிருப்பார்கள். பிள்ளைகளுக்கு 'ஷ்னே' வேறு, 'ஐஸ்' வேறு என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அம்மாவிடம் பேசும்போது இரண்டையும் 'சினோ' என்றே சொன்னார்கள். ஆங்கிலச் சொல் ஈழத்து நாவில் அப்படி ஆகியிருக்கிறது. எங்கள் பனி அவர்களுக்குப் போதவில்லை.

உணவின்போது நண்பர் தந்தையின் பழைய பெட்டியிலிருந்து எடுத்த தாள்களைக் காட்டினார். மடிப்பில் கிழிந்த அனுமதித் தாள்கள் பல. எந்த ஊருக்கு, எத்தனை நாள், எதற்காக என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது. ஒன்றில் 'நண்பர் வீட்டு நீத்தார் காரியம்' என்று கண்டிருந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அந்தத் தாளை வாங்கி, முன்தினம் டயரை அழுத்திய அதே பெருவிரலால் மடிப்பை நீவிவிட்டாள்.

வரும் குளிர்காலத்தில் பிள்ளைகளைப் பார்க்கப் பயணப்படும் நண்பர்கள் உண்டு. நம் வயதில் அப்படிப் போகாதவர் குறைவு. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு, அங்கே வாடகைக் காரைத் தாமே ஓட்டுபவர்களும் பெருகிவிட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவே: எந்தத் தேசங்களைக் கடக்கப்போகிறீர்களோ அத்தனையின் விதியையும் அந்தந்த ஆண்டில் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் விதிகள் மாறுகின்றன. காரில் ஏறுமுன் நான்கு சக்கரத்திலும் மலையைத் தேடுங்கள். பையில் ஒரு இரண்டு யூரோ நாணயம் இருக்கட்டும். நாணயம் இல்லையென்றால் பெருவிரல் இருக்கிறது.